எழுதாமல் விட்ட வரி

2008 பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. உலக நேரப்படி மாலை 6.47. பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனத்தின் ரூட்டர் ஒன்று, தனக்கு வெளிநாட்டு இணைப்புத் தரும் ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனத்திடம் ஒரு சேதி சொன்னது: 208.65.153.0/24 என்ற முகவரித் தொகுதிக்குப் போக வேண்டியவை எல்லாம் என்னிடம் வரலாம். அந்தத் தொகுதி யூடியூபுக்குச் சொந்தமானது. பாகிஸ்தானுக்குள் யூடியூபை முடக்கும்படி அரசு உத்தரவிட்டிருந்தது. அதற்காக, அந்த முகவரிகளைத் தேடி வரும் பாக்கெட்டுகளைக் காணாமல் அடிக்கும் வழி ஒன்றை நிறுவனம் தன் நெட்வொர்க்கில் எழுதிவைத்திருந்தது. உள்நாட்டோடு நிற்க வேண்டிய வழி எல்லை தாண்டிக் கசிந்துவிட்டது. பிசிசிடபிள்யூ அதை அப்படியே நம்பித் தன் அண்டை நெட்வொர்க்குகளுக்கும் சொன்னது. சில நிமிடங்களில், உலகின் பெரும்பகுதியிலிருந்து யூடியூபைத் தேடிப் போன பாக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குப் போய்த் தொலைந்தன.

யூடியூப் அதுவரை 208.65.152.0/22 என்று ஒரே பெரிய தொகுதியாகத்தான் இந்த முகவரிகளை அறிவித்துவந்தது. /22 என்றால் 1,024 முகவரிகள். /24 என்றால் 256. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் கூடக்கூடத் தொகுதி சிறுக்கும். ஒரே முகவரிக்கு இரண்டு வழிகள் தெரிந்தால், சிறிய தொகுதியைச் சொல்லும் வழியைத்தான் ரூட்டர் எடுக்கும். சாலைப் பிரிவில் ‘மதுரை’ என்ற பலகை இடப்பக்கமும் ‘மாட்டுத்தாவணி’ என்ற பலகை வலப்பக்கமும் காட்டினால், மாட்டுத்தாவணிக்குப் போகிறவர் வலப்பக்கம்தானே திரும்புவார்? பலகையை நட்டவர் யார் என்று அவர் விசாரிக்கப்போவதில்லை. ரூட்டரும் விசாரிப்பதில்லை.

இரவு 8.07-க்கு யூடியூப் அதே /24-ஐத் தானும் அறிவித்தது. 8.18-க்கு அதையும் இரண்டாகப் பிளந்து இரண்டு /25-களாக அறிவித்தது. இன்னும் சிறிய தொகுதி என்பதால் அது வெல்ல வேண்டும். ஆனால் /24-ஐவிடச் சிறிய தொகுதிகளை ஏற்பதில்லை என்று பல நெட்வொர்க்குகள் வழக்கமாகவே வடிகட்டி வைத்திருப்பதால், இந்த மருந்து எல்லா இடத்துக்கும் எட்டக்கூடியதல்ல. 9.01-க்கு பிசிசிடபிள்யூ, பாகிஸ்தான் டெலிகாமிலிருந்து வந்த அறிவிப்புகளைத் திரும்பப் பெற்ற பிறகுதான் விஷயம் முடிவுக்கு வந்தது. இரண்டே கால் மணி நேரம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பாகிஸ்தான் டெலிகாமைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். நெட்வொர்க்கிங் படிக்கிறவருக்கு பிசிசிடபிள்யூதான் முக்கியம். இந்த வாடிக்கையாளரிடமிருந்து இன்னின்ன தொகுதிகள் மட்டுமே வரலாம், மற்றவை வேண்டாம் என்று அதன் ரூட்டரில் ஒரு பட்டியல் இருந்திருந்தால் உலகத்துக்கு எதுவுமே தெரிந்திருக்காது. பிசிசிடபிள்யூவில் யாரும் தவறான வரி எதையும் எழுதவில்லை. வேண்டிய வரியை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி என்ற நெறிமுறை 1989 ஜனவரியில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், ஒரு கூட்டத்துக்கு வந்த இடத்தில், சாப்பாட்டு மேசையில் பிறந்தது. சிஸ்கோவின் கர்க் லாஹீடும் ஐபிஎம்மின் யாக்கவ் ரெக்டரும் கை துடைக்கும் காகிதங்களில் அதை வரைந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அது ஆர்எஃப்சி 1105 என்ற இணைய நெறி ஆவணமாக வெளிவந்தது. அன்றைக்கு நெட்வொர்க்குகளை நடத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பக்கத்து நெட்வொர்க் பொய் சொல்லும் என்று எண்ண அவர்களுக்குக் காரணம் இல்லை. அன்று தேவைப்படாத சந்தேகத்தைப் பிறகு கருவி கருவியாக ஒட்டவைத்தார்கள். சிஸ்கோவின் சிசிஎன்பி சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறவர் ‘ரூட் ஃபில்டரிங்’ என்ற தலைப்பில் சந்திப்பது இந்த ஒட்டுகளைத்தான்.

ஆக்சஸ் லிஸ்ட், பிரிஃபிக்ஸ் லிஸ்ட், டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட், ரூட் மேப், ஏஎஸ் பாத் லிஸ்ட். பெயர்களைப் பார்த்தால் ஐந்தும் ஒரே வேலையைச் செய்யும் ஐந்து கருவிகள் போலத் தெரியும். பாடநூல்களும் கருவிக்கு ஓர் உட்தலைப்பு போட்டு, கட்டளையின் வடிவத்தைக் காட்டி, அடுத்ததற்குப் போய்விடுகின்றன. இது தலைகீழான வரிசை என்பது என் எண்ணம். ஒரு வடிகட்டியைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை மூன்று: எதைப் பார்த்து அடையாளம் காண்கிறது? எந்த இடத்தில் நிற்கிறது? தான் பெயர் சொல்லாதவற்றை என்ன செய்கிறது? முதல் இரண்டையும் மாணவர்கள் எப்படியோ பிடித்துவிடுகிறார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் நிஜத்தில் வேலையும் போவது மூன்றாவதால்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். ஆக்சஸ் லிஸ்ட் பாக்கெட்டுகளைத் தடுக்கப் பிறந்தது. வழிகளை வடிகட்ட அதைக் கடன் வாங்கினார்கள். சாதாரண வகை ஆக்சஸ் லிஸ்டுக்குத் தொகுதியின் தொடக்க முகவரி மட்டும்தான் தெரியும், அதன் அளவு தெரியாது. 10.0.0.0/8, 10.0.0.0/16 இரண்டும் அதன் கண்ணுக்கு ஒன்றே. விரிவான வகையை வைத்து பிஜிபியில் அளவையும் பார்க்கலாம்தான். ஆனால் அங்கே ‘புறப்படும் முகவரி’ என்ற இடத்தில் தொகுதியையும் ‘போய்ச் சேரும் முகவரி’ என்ற இடத்தில் மாஸ்க்கையும் எழுத வேண்டும். பாக்கெட்டுக்குத் தைத்த சட்டையை வழிக்கு மாட்டிவிட்டதன் பலன் இது. பழைய கான்ஃபிகரேஷன்களைப் படிக்க நேர்ந்தால் தேவைப்படும், புதிதாக யாரும் இப்படி எழுத வேண்டாம்.

பின்னால் வந்த பிரிஃபிக்ஸ் லிஸ்ட் வழிகளுக்காகவே உருவானது. முகவரியையும் அளவையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ‘பர்மிட் 10.1.0.0/16’ என்று மட்டும் எழுதினால் அந்த ஒரு /16-ஐத் தவிர வேறெதையும் தொடாது. 10.1.4.0/24 அதற்குள் அடங்கிய தொகுதிதான், ஆனாலும் பொருந்தாது. உள்ளே இருப்பவையும் வேண்டுமென்றால் பின்னால் ‘எல்இ 24’ என்று சேர்க்க வேண்டும்: முதல் 16 பிட்கள் ஒத்துப்போனால் போதும், அளவு /16 முதல் /24 வரை எதுவானாலும் சரி. ‘ஜிஇ 24’ என்றால் /24 முதல் /32 வரை, அதாவது /16 வெளியே. இந்த இடத்தில் தேர்வு எழுதுபவர்களை வழக்கமாகக் கவிழ்க்கும் ஒரு ஜோடி உண்டு. ‘0.0.0.0/0’ என்று மட்டும் எழுதினால் அது டீஃபால்ட் வழி ஒன்றைத்தான் குறிக்கும். ‘0.0.0.0/0 எல்இ 32’ என்றால் உலகத்திலுள்ள எல்லா வழிகளும். பின்னால் ஒட்டிய ஓர் எண், ஒன்றை அனைத்தாக்கிவிடுகிறது. யூடியூபின் /25-களைத் தடுத்திருக்கக்கூடிய அந்த வழக்கமான வடிகட்டியும் இந்தக் குடும்பம்தான்: ‘0.0.0.0/0 எல்இ 24’.

ஏஎஸ் பாத் லிஸ்ட் முகவரியைப் பார்ப்பதில்லை, வழி எந்தெந்த நெட்வொர்க்குகளைக் கடந்து வந்தது என்ற எண்வரிசையைப் பார்க்கிறது. அதில் மிகச் சிறிய கோவை ^$. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் ஒன்றுமில்லை, அதாவது யாரையும் கடந்து வராத, நமக்கே சொந்தமான வழி. இரண்டு இணைப்பு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கும் ஒரு கம்பெனி, வெளியே போகும் பக்கம் இந்த இரண்டு குறியை எழுதிவைத்தால் ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லாது. எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜூன் 24 சாட்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிகியூஇ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம், போக்குவரத்தைச் சீராக்கும் ஒரு மென்பொருளின் உதவியோடு, பிறருடைய தொகுதிகளைத் தன் உள்வசதிக்காகச் சிறு துண்டுகளாக்கி வைத்திருந்தது. அவை அதன் வாடிக்கையாளரான அலகேனி டெக்னாலஜிஸ் என்ற உலோக நிறுவனத்துக்குப் போயின. அந்த நிறுவனம் வெரைசானிடமும் இணைப்பு வாங்கியிருந்ததால் அங்கேயும் சொன்னது. வெரைசான் உலகத்துக்குச் சொன்னது. கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் 104.20.0.0/20, இரண்டு /21-களாக உடைந்து நின்றது. சிறிய தொகுதிதான் வெல்லும் என்பதால் போக்குவரத்து அந்த உலோக நிறுவனத்தின் பக்கம் திரும்பியது. தங்கள் உலகப் போக்குவரத்தில் சுமார் 15 சதவீதத்தை இழந்ததாக கிளவுட்ஃபிளேர் பிறகு சொன்னது. வாடிக்கையாளர் பக்கம் ^$ இருந்திருந்தாலோ, வெரைசான் பக்கம் ‘இத்தனை வழிகளுக்கு மேல் வந்தால் இணைப்பைத் துண்டி’ என்ற மேக்ஸிமம் பிரிஃபிக்ஸ் வரம்பு இருந்திருந்தாலோ போதும். இரண்டும் தலா ஒரு வரி.

அடுத்து, நிற்கும் இடம். பட்டியல் எழுதிவைத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது, அதை ஓர் இடத்தில் மாட்ட வேண்டும். டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் என்பது அப்படி மாட்டும் கொக்கிதான். இஐஜிஆர்பி என்ற நெறிமுறையில் அதை உள்ளே வரும் பக்கமோ வெளியே போகும் பக்கமோ எங்கு மாட்டினாலும் நினைத்தபடி நடக்கும். ஒவ்வொரு ரூட்டரும் தனக்குத் தெரிந்த வழிகளைத்தான் அடுத்தவரிடம் சொல்கிறது. தனக்குத் தெரியாததைச் சொல்லாது.

ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை அப்படியல்ல. அதில் ரூட்டர்கள் வழிகளைச் சொல்லிக்கொள்வதில்லை, வரைபடத் துண்டுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே ஏரியாவில் உள்ள எல்லா ரூட்டரிடமும் ஒரே வரைபடம் இருக்கும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கை ஒவ்வொன்றும் தானே அதில் போட்டுப் பார்க்கிறது. அங்கே உள்ளே வரும் பக்கம் டிஸ்ட்ரிபியூட் லிஸ்டை மாட்டினால், அந்த ஒரு ரூட்டரின் வழி அட்டவணையில் மட்டும் அந்த வழி ஏறாது. வரைபடத்துண்டு அதைத் தாண்டி அடுத்த ரூட்டருக்குத் தங்குதடையின்றிப் போய்விடும். அடுத்த ரூட்டர் கணக்குப் போட்டு, ‘முன்னால் இருக்கும் ரூட்டர் வழியாகப் போகலாம்’ என்று பாக்கெட்டை அனுப்பும். முன்னால் இருப்பதற்கோ வழி தெரியாது, வேறு வழியும் இல்லையென்றால் பாக்கெட்டைக் கீழே போடும். வழி இருப்பதாக ஒரு ரூட்டரும் இல்லை என்று இன்னொன்றும் சொல்ல, நடுவில் பாக்கெட் சாகும். ஓஎஸ்பிஎஃப்பில் வரைபடத்தையே மாற்ற வேண்டுமென்றால் இரண்டு ஏரியாக்களின் எல்லையில் நிற்கும் ரூட்டரில் முடியும். அங்கே சுருக்கச் செய்திகளாகத்தான் வழிகள் கடக்கின்றன, அவற்றை வடிகட்டலாம். ஏரியாவுக்குள்ளே எல்லோரிடமும் ஒரே வரைபடம் என்பது மீற முடியாத ஒப்பந்தம். இதை ‘ஓஎஸ்பிஎஃப்பின் குறை’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரைபடம் ஆளுக்கொன்றாக இருந்தால் பாக்கெட்டுகள் வட்டமடிக்கத் தொடங்கிவிடும்.

பிஜிபியில் இன்னொரு சின்னத் தொல்லை உண்டு. வடிகட்டியை மாட்டிவிட்டு அட்டவணையைப் பார்த்தால் பழைய வழிகள் அப்படியே இருக்கும். வடிகட்டி தப்பு என்று நினைத்து அதைக் கலைத்துப்போடுகிறவர்கள் உண்டு. வடிகட்டி சரிதான், முன்பே வந்துவிட்டவை அதைக் கடந்து வரவில்லை. ‘கிளியர்’ கட்டளையை ‘சாஃப்ட் இன்’ என்ற சொற்களோடு கொடுத்தால், அண்டை ரூட்டரிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கும். 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2918 இதற்குத்தான். அந்தச் சொற்களை விட்டுவிட்டு வெறும் ‘கிளியர்’ கொடுத்தால் இணைப்பே அறுந்து மீண்டும் எழும். லேபில் பரவாயில்லை.

இனி மூன்றாவது கேள்வி. இந்தக் கருவிகள் எல்லாவற்றின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது: மற்ற அனைத்தும் டினை. நீங்கள் எழுதுவதில்லை, திரையிலும் வராது. ஆனால் வடிகட்டியே இல்லாத இடத்தில் நிலைமை நேர் எதிர். சிஸ்கோவின் பல ரூட்டர்களில் பிஜிபி அண்டைக்கு எதுவும் மாட்டவில்லை என்றால் எல்லாம் உள்ளே வரும், எல்லாம் வெளியே போகும். ஒன்றும் எழுதாவிட்டால் கதவு முழுக்கத் திறந்திருக்கிறது. ஒரு வரி எழுதினால் அந்த வரி சொல்லாத அனைத்துக்கும் மூடிக்கொள்கிறது. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே படிப்படியான சரிவு எதுவும் இல்லை.

எண்ணிட்ட பர்மிட், டினை பிரிவுகளாக மேலிருந்து கீழே படிக்கப்படும் ரூட் மேப்பில் இது இரண்டு அடுக்காக வரும். 10.1.4.0/24-ஐ மட்டும் நிறுத்த வேண்டும், மற்றவை போகட்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் படிப்பவர் பிரிஃபிக்ஸ் லிஸ்டில் ‘டினை 10.1.4.0/24’ என்று எழுதுவார். ரூட் மேப்பில் ‘பர்மிட் 10’ என்று ஒரு பிரிவு திறந்து, ‘இந்த லிஸ்டோடு பொருத்திப் பார்’ என்று எழுதுவார். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. விளைவு: ஒரு வழிகூடப் போகாது.

ஏன்? ரூட் மேப்புக்குள் வந்துவிட்டால் பிரிஃபிக்ஸ் லிஸ்டுக்கு அனுமதிக்கும் அதிகாரம் கிடையாது. ‘பொருந்துகிறது’, ‘பொருந்தவில்லை’ என்ற இரண்டு பதில்தான் அது சொல்லலாம். பர்மிட் என்றால் பொருந்துகிறது, டினை என்றால் பொருந்தவில்லை. 10.1.4.0/24 வந்தது. லிஸ்ட் டினை என்றது, ஆகவே பொருந்தவில்லை. 10.1.5.0/24 வந்தது. லிஸ்டில் அதற்கு வரியே இல்லை, கண்ணுக்குத் தெரியாத வரியில் விழுந்தது, ஆகவே அதுவும் பொருந்தவில்லை. இப்படி ஒவ்வொன்றும் பிரிவு 10-ஐத் தாண்டிக் கீழே போயிற்று. கீழே வேறு பிரிவு இல்லை. ரூட் மேப்பின் சொந்தக் கண்ணுக்குத் தெரியாத வரி அத்தனையையும் விழுங்கியது.

சரியான வடிவம் முதல் பார்வைக்கு முரணாகத் தெரியும். பிரிஃபிக்ஸ் லிஸ்டில் ‘பர்மிட் 10.1.4.0/24’. ரூட் மேப்பில் ‘டினை 10’, அந்த லிஸ்டோடு பொருத்தம். பிறகு ‘பர்மிட் 20’, அதற்குள் ஒன்றுமே எழுதாமல். நிறுத்த வேண்டியதை லிஸ்ட் விரல் நீட்டிக் காட்டுகிறது. ரூட் மேப் தீர்ப்புச் சொல்கிறது. பொருத்த நிபந்தனை எதுவும் இல்லாத பிரிவு எல்லாவற்றோடும் பொருந்தும் என்பதால், மிச்சம் உள்ளவை 20-இல் பிழைத்துக்கொள்கின்றன. லிஸ்டிலும் டினை, ரூட் மேப்பிலும் டினை என்று இரண்டு பூட்டு போடுகிறவர்களுக்கு இன்னும் மோசம்: 10.1.4.0/24 பொருந்தாமல் போய் 20-இல் நுழைந்துவிடும். எதை நிறுத்த நினைத்தார்களோ அது பத்திரமாகப் போய்ச் சேரும்.

ஒரே வரியில் இரண்டு லிஸ்ட் பெயர்களை எழுதினால் ‘அல்லது’; வேறு வேறு வகை நிபந்தனைகளைத் தனித்தனி வரிகளாக எழுதினால் ‘மற்றும்’. இதைத் தேர்வுக்கு முதல் நாள் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு வரி போனால் என்ன ஆகும் என்பதை 2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கனடா பார்த்தது. ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் மைய நெட்வொர்க்கை ஏழு கட்டமாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஐந்து கட்டங்கள் சிக்கல் இல்லாமல் முடிந்திருந்தன. ஆறாவதில், டிஸ்ட்ரிபியூஷன் ரூட்டர்களின் கான்ஃபிகரேஷனிலிருந்து ஒரு வடிகட்டியை ஊழியர்கள் நீக்கினார்கள். அது தடுத்து வைத்திருந்த வழிகள் மைய ரூட்டர்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தன. வழிகளை வைக்க ரூட்டரின் நினைவகத்துக்கும் அவற்றைக் கணக்கிட அதன் செயலிக்கும் எல்லை உண்டு. மிகைச்சுமை வந்தால் தற்காத்துக்கொள்ளும் வரம்பு எதுவும் அந்த மைய ரூட்டர்களில் வைக்கப்படவில்லை. அவை தடுமாறி நின்றன. செல்பேசியும் வீட்டு இணையமும் அதே மையத்தைப் பகிர்ந்துகொண்டதால் இரண்டும் சேர்ந்து போயின. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். நாடெங்கும் கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. 911 அவசர எண்ணை எட்ட முடியாமல் பலர் தவித்தார்கள். பழுதுபார்க்க வேண்டிய ஊழியர்களும் அதே நெட்வொர்க்கை நம்பித்தான் இருந்தார்கள். ரூட்டர்களைத் தொலைவிலிருந்து தொடவும் முடியவில்லை, ஒருவரோடு ஒருவர் பேசவும் முடியவில்லை.

அந்த வடிகட்டியை நீக்கியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. வடிகட்டி எதை அனுமதிக்கிறது என்பது திரையில் தெரியும். எதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது என்பது எளிதில் கண்ணில் படாது, பெரும்பாலும் நீக்கிய பிறகுதான் தெரியும். ஒரு வடிகட்டியைக் கழற்றும் முன் ‘இது இல்லாவிட்டால் எத்தனை வழிகள் உள்ளே வரும்?’ என்று எண்ணிப் பார்ப்பதை எந்தப் பாடநூலும் தனிப் பாடமாக வைத்து நான் பார்த்ததில்லை. வைக்க வேண்டும்.

திறந்த கதவைப் பற்றி ஒருவழியாக 2017-இல் முடிவெடுத்தார்கள். அந்த ஆண்டு வந்த ஆர்எஃப்சி 8212, வெளி நெட்வொர்க்கோடு பிஜிபி பேசும் ரூட்டரில் கொள்கை எதுவும் எழுதவில்லையென்றால் எதையும் ஏற்கவும் கூடாது, எதையும் சொல்லவும் கூடாது என்கிறது. சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் இந்தப் போக்கை உடையது. எஃப்ஆர்ஆர் என்ற திறமூல மென்பொருளும் 7.4 பதிப்பிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. வீட்டுக் கணினியில் எஃப்ஆர்ஆரை வைத்துப் பயிற்சி எடுப்பவர்கள் இதை முதல் நாளே சந்திப்பார்கள்: அண்டையோடு இணைப்பு ஏற்பட்டுவிடும், ஆனால் எத்தனை வழிகள் வந்தன என்று எண் காட்ட வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பாலிசி’ என்ற சொல் நிற்கும். பழுது என்று நினைத்து, அந்தத் தடையை நீக்கும் கட்டளையைத் தேடிப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அதைச் செய்யாமல் ஒரு பிரிஃபிக்ஸ் லிஸ்டும் ஒரு ரூட் மேப்பும் எழுதிப் பாருங்கள். எண் தானாக வரும்.

சிசிஎன்பி லேபில் பெரும்பாலும் கிடைக்கும் ஐஓஎஸ் எக்ஸ்இ இன்னும் பழைய பழக்கத்தில்தான் இருக்கிறது, கதவு திறந்தே இருக்கும். தேர்வில் ஆறு வரி ரூட் மேப் ஒன்றைக் காட்டி ‘10.1.9.0/24 என்ன ஆகும்?’ என்று கேட்டால், ஏழாவது வரியை முதலில் உங்கள் தாளில் எழுதிக்கொண்டு பிறகு விடையைக் குறியுங்கள்.